பெண் உறுப்புச் சிதைப்பு: பிரிட்டனின் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழும் சுமார் 137,000 பெண்களும் சிறுமிகளும் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு ஆளானவர்கள் என்று 2015இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதை வெளியிட்டவை லண்டன் சிட்டி பல்கலைக்கழகமும் 'ஈக்குவாலிட்டி நௌ' என்ற அமைப்பும். பிரிட்டனின் குடியேறிகளைப் பற்றிய பேச்சில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இந்த எண், வீடு வீடாகச் சென்று எண்ணியதல்ல.

மருத்துவக் காரணம் எதுவுமின்றிப் பெண்ணின் வெளிப்புறப் பிறப்புறுப்பை வெட்டி அகற்றுவதும், வேறு வகையில் காயப்படுத்துவதும் இதில் அடங்கும். உலகச் சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் மிகக் கடுமையானது, வெட்டியபின் பிறப்புறுப்பின் வாயைக் குறுக்கி மூடிவிடும் மூன்றாம் வகை. சிறுநீர் கழிப்பதில் தொல்லை, தொற்று, பிரசவத்தில் சிக்கல் என அதன் பாதிப்பு ஆயுள் முழுவதும் தொடரக்கூடும்.

உலகில் 230 மில்லியனுக்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளாகியுள்ளதாக யுனிசெஃப் 2024இல் தெரிவித்தது. அவர்களில் சுமார் 144 மில்லியன் பேர் ஆப்பிரிக்காவிலும் 80 மில்லியன் பேர் ஆசியாவிலும் உள்ளனர்.

எண் வந்த வழி

தாயகத்தில் எத்தனை விழுக்காட்டுப் பெண்கள் ஆளாகியுள்ளனர் என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டிலிருந்து வந்த பெண்களின் எண்ணிக்கையோடு அதைப் பெருக்குகிறார்கள். சோமாலியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய அனைவரும் ஆளானவர்களே. நைஜீரியாவில் 2018இல் ஐவரில் ஒருவர்.

ஆனால் ஒரு நாட்டின் சராசரி, அந்நாட்டின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இனத்துக்கும் பொருந்தாது. கடல் கடந்து வருவோர் பலர் நகரத்தில் படித்து வளர்ந்தவர்கள். சிறு வயதிலேயே வந்துவிட்டவர்களும் உண்டு. நாடளாவிய ஆய்வு நடக்காத நாட்டிலிருந்து வந்தவர்களோ கணக்கில் சரிவர இடம்பெறுவதில்லை.

மகள்களின் நிலை

சிதைப்புக்கு ஆளான தாய்மார்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த, 15 வயதுக்குட்பட்ட சிறுமிகள் சுமார் 60,000 பேர் என்றும் அதே ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். இது ஆபத்து இருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையே தவிர, வெட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை அல்ல. குடியேறிய பிறகு இந்த வழக்கத்துக்கு ஆதரவு குறைகிறது என்பதை, ஸ்வீடனில் வாழும் சோமாலியர்களிடையே நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து இன்னொரு படம் கிடைக்கிறது. 2015 ஏப்ரல் முதல் 2016 மார்ச் வரை இங்கிலாந்தில் 5,702 பேர் புதிதாகப் பதிவாயினர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் லண்டன் வட்டாரத்தினர். பலரின் நிலை தெரியவந்தது பிரசவத்துக்காக வந்தபோதுதான். பிரிட்டனிலேயே செய்யப்பட்டதாகப் பதிவானவை 18 மட்டுமே. பெரும்பாலானவர்களுக்கு இது தாயகத்தில், சிறு வயதிலேயே நடந்து முடிந்திருந்தது.

சட்டமும் சந்தேகமும்

பிரிட்டன் 1985இலேயே இதைத் தடை செய்தது. 2003 சட்டம், பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்வதையும் குற்றமாக்கித் தண்டனையை 14 ஆண்டு வரை உயர்த்தியது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருத்திக்கு இது நடந்திருப்பது தெரிந்தால், ஆசிரியர், மருத்துவர், தாதியர், சமூகநலப் பணியாளர் ஆகியோர் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2015 அக்டோபர் முதல் கட்டாயம்.

இருந்தும் முதல் தண்டனை 2019இல்தான் கிடைத்தது. மூன்று வயது மகளுக்கு இதைச் செய்த தாய்க்கு 11 ஆண்டு சிறை. அவர் உகாண்டாவைச் சேர்ந்தவர். அந்நாட்டில் இந்த வழக்கம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பிறந்த நாட்டை மட்டும் வைத்து ஆபத்தை அளந்திருந்தால், அந்தக் குழந்தை யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டாள்.

மறுபக்கம், அதே அளவுகோல் நிரபராதிகளையும் வதைக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வழக்கத்தை எதிர்க்கும் சோமாலியப் பெற்றோர்கூட, பள்ளியும் மருத்துவமனையும் தங்களைக் குற்றவாளிகளைப் போல் நடத்துவதாகக் கூறினர். விடுமுறைக்குத் தாயகம் செல்வதைச் சொன்னதற்கே விசாரிக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. இப்படி அஞ்சும் ஒரு தாய், உண்மையிலேயே உதவி தேவைப்படும்போது தாதியிடம் வாய் திறக்கத் தயங்குவார்.

கானாவில் பிறந்து பிரிட்டனில் தாதியாகப் பணியாற்றிய எஃபுவா டோர்கெனூ, 1983இல் 'ஃபார்வர்ட்' அமைப்பைத் தொடங்கியபோது இந்த இரு பக்கத் தேவையும் இருந்தது: சிறுமிகளைக் காப்பது, ஏற்கெனவே ஆளானவர்களுக்குச் சிகிச்சை தருவது. மூடப்பட்ட உறுப்பைச் சிறு அறுவை சிகிச்சையால் திறந்துவிடும் சிறப்பு மருத்துவகங்கள் இன்று லண்டனிலும் பிற நகரங்களிலும் உள்ளன. அங்கு வருபவரிடம் எந்த நாட்டுக்காரர் என்று மட்டும் கேட்டுவிட்டால் போதாது. தாய்க்கு நடந்ததா, மகளைப் பற்றிக் குடும்பத்தின் எண்ணம் என்ன, தாயகத்து உறவினரின் நெருக்குதல் உண்டா என்று பக்குவமாகக் கேட்டறிந்தால்தான், எந்தச் சிறுமிக்குப் பாதுகாப்பு தேவை என்பது தெரியவரும்.