செத்த ஆமையும் பாடமே: சென்னைக் கடற்கரை இரவு நடையை முன்வைத்து

தை பிறந்ததும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணலில் நள்ளிரவில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையைத் தேடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நடத்திவரும் நடை அது. வார இறுதியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்கிறார்கள்; பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரும் உண்டு. 1970-களிலேயே கடலாமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் முதலியோர் இதே கரையில் நடந்திருக்கிறார்கள். பின்னர் வனத்துறை சில ஆண்டுகள் ஆமைக் குஞ்சுப் பொரிப்பகம் நடத்தியது. அது நின்றபோது வேலையைக் கையிலெடுத்தவர்கள் மாணவர்கள். சமூகமே அமைத்துக்கொண்ட வெளிக்களக் கல்வி இத்தனை ஆண்டு தாக்குப்பிடிப்பது அரிது. ஆகவே, இந்த நடை எதனால் கற்பிக்கிறது, எங்கே கற்பிக்காமல் நின்றுவிடக்கூடும் என்று கேட்பது பயனுடையது. ஆமையைக் காட்டுவதால் பாதுகாப்புக் கல்வி நிகழ்ந்துவிடுவதில்லை என்பதும், ஆமை ஏன் சாகிறது என்ற விசாரணை வரை குழந்தையைக் கூட்டிப்போகும்போதே அது நிகழ்கிறது என்பதும் என் வாதம்.

முதலில் நடையின் வேலையைப் பார்ப்போம். மணலில் ஏறிய தடம் ஒன்றும் இறங்கிய தடம் ஒன்றும் தெரிந்தால் ஆமை வந்து போயிருக்கிறது. இடையில் கலைந்து கிடக்கும் மணலைக் கம்பால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். கம்பு சட்டென்று இறங்கும் இடத்தில் குழி. வாய் குறுகி அடி அகன்ற குடுவை போன்ற அந்தக் குழியில் நூறு முட்டை வரை, சிலபோது அதற்கு மேலும் இருக்கும். அவற்றை எடுத்து எண்ணி, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவில் தோண்டிய குழியில் வைக்க வேண்டும். இதைச் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். பிந்தினால் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், முட்டையைப் புரட்டினால் இறந்துபோகும். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதமோ சற்றுக் கூடவோ ஆகும். அதுவரை மணலின் சூட்டையும் கவனிக்க வேண்டும். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகும், குறைந்தால் ஆண் குஞ்சுகள். பாடநூலில் ஒரு வரியாக இருக்கும் செய்தி இங்கே கை நடுங்கச் செய்யும் பொறுப்பாகிவிடுகிறது. பல இரவுகளில் ஆமை வருவதே இல்லை. அந்த வெறுங்கையும் பாடத்தின் பகுதிதான் என்பேன். விலங்குக் காட்சிசாலையில் அது கிடைக்காது.

வகுப்பறையின் கதை வேறு. சூழலியல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் இட்ட ஆணைக்குப் பிறகு சூழலியல் நம் பள்ளிகளில் கட்டாயப் பாடமாகும் நிலை வந்தது. பாடம் வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அறிவு கூடினால் மனப்பான்மை மாறும், மனப்பான்மை மாறினால் நடத்தை மாறும் என்ற எளிய சங்கிலியைச் சூழல் கல்வி ஆய்வாளர்களான ஹங்கர்ஃபோர்டும் வோல்க்கும் 1990-லேயே கேள்விக்குள்ளாக்கிவிட்டார்கள். சிக்கலைத் தன்னுடையதாக உணர்வதும், தன்னால் ஏதேனும் செய்ய முடியும் என்று நம்புவதுமே முக்கியம் என்பது அவர்கள் கண்டது. கென்டக்கியிலும் நார்வேயிலும் 56 சூழல் செயற்பாட்டாளர்களிடம் ஆய்வாளர் லூயிஸ் சாவ்லா பேசிப் பார்த்தபோது, சிறுவயதில் இயற்கையோடு கழித்த பொழுதும், கூட இருந்த குடும்பத்தாரும் ஆசிரியர்களும் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தார்கள். நள்ளிரவு மணலில் ஒரு கல்லூரி மாணவரின் பின்னால் நடக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இவை இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன.

சிக்கல் இனிமேல்தான். நடையில் உயிருள்ள ஆமையை மட்டுமா பார்க்கிறோம்? செத்து ஒதுங்கிய ஆமையும் கிடக்கும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமை காற்றைச் சுவாசிக்கும் உயிர். விசைப்படகுகள் இழுக்கும் இழுவைமடி வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் நீரிலேயே மூச்சுத் திணறிச் சாகிறது. இதைக் குழந்தைக்குக் காட்டலாமா? நான்காம் வகுப்புக்கு முன் பேரழிவுகளைப் பேச வேண்டாம் என்று கல்வியாளர் டேவிட் சோபெல் 1996-இல் வாதிட்டார். அச்சத்தை முதலில் ஊட்டினால் பிள்ளை இயற்கையிலிருந்து விலகிவிடும் என்பது அவர் கவலை. மழைக்காடு அழிவதை வகுப்பறையில் படமாகப் பார்க்கும் பிள்ளையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. காலடியில் கிடக்கும் ஆமையோ தொலைதூரப் பேரழிவு அல்ல. அதன் ஓட்டை நாடாவால் அளக்கலாம், எங்கே ஒதுங்கியது என்று குறித்துக்கொள்ளலாம், நேற்று எத்தனை என்று கேட்கலாம். அளக்க ஏதேனும் இருக்கும்போது அச்சம் கேள்வியாக மாறும். எட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு மாலையில் குஞ்சுகளைக் கடலில் விடுவதே போதும் என்பதை நானும் ஏற்கிறேன். பத்து வயதிலும் அந்தக் காட்சியோடு, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு திரும்புவதோடு நிறுத்திக்கொண்டால் நாம் பிள்ளைக்குப் பாதிக் கதையைத்தான் சொல்கிறோம்.

மீதிக் கதை மீனவக் குப்பங்களில் இருக்கிறது. இந்த ஆமையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில வழியில் வந்த 'ஆலிவ் ரிட்லி' என்ற பெயரில் ஓட்டின் நிறம் இருக்கிறது. மீனவர் வழங்கும் 'பங்குனி ஆமை' என்ற பெயரில் அது கரையேறும் காலம் இருக்கிறது. பேராமை, அழுங்காமை என்று மற்றவற்றையும் பிரித்தறியும் வழக்கு அவர்களுடையது. ஊரூர் குப்பத்தையும் ஆல்காட் குப்பத்தையும் ஒட்டியே நடை செல்கிறது. ஆனால் இத்தகைய நிகழ்ச்சிகளில் அடுக்ககப் பிள்ளை கற்பவராகவும், குப்பத்துப் பிள்ளை ஓரத்தில் நிற்பவராகவும் ஆகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. கொண்டல் காற்று எப்போது, வாடைக் காற்று எப்போது என்று தெரிந்த பிள்ளை அங்கே ஆசிரியராக நிற்க வேண்டும்.

அப்படி நின்றால் 'மீனவர் ஆமையைக் கொல்கிறார்' என்ற சோம்பேறி வாக்கியமும் உடையும். கரையோரத்தில் விசைப்படகு மீன்பிடிப்பதற்கு 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. அந்த எல்லை மீறப்படும்போது ஆமையோடு சேர்ந்து நாட்டுப்படகுக்காரரின் வலையும் போகிறது. ஆமையும் குப்பமும் அங்கே ஒரே பக்கம். இழுவைமடியில் ஆமை தப்பிக்க வழிவிடும் கருவி பொருத்தலாம். ஆனால் அந்த வழியில் மீனும் தப்பிவிடுகிறது என்பார் விசைப்படகுக்காரர். டீசல் கடனை யார் அடைப்பது என்றும் கேட்பார். இந்தக் குரல்களையெல்லாம் கேட்ட பத்து வயதுப் பிள்ளை குழம்பிப்போகலாம். குழம்பட்டும்.

விசைப்படகு தூரத்தில் இருக்கிறது. விளக்கு பக்கத்தில் இருக்கிறது. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சம் மிகுந்த தொடுவானத்தை நோக்கி ஓடும். இருண்ட கரையில் அது கடல். பெசன்ட் நகரில் அது பெரும்பாலும் சாலை. குழந்தைகளுக்கு இந்த நடையில் ஒரே ஒரு வேலை கொடுக்கச் சொன்னால், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கரையில் தெரியும் விளக்குகளை எண்ணி வரையச் சொல்வேன்: எது மாநகராட்சியுடையது, எது கடையுடையது, எது எந்த மாடியுடையது என்று. அந்த வரைபடத்தைப் போட்டு முடிக்கும்போது, தன் வீட்டு மொட்டைமாடி விளக்கை எங்கே குறிப்பது என்று அம்மாவிடம் கேட்கும் பிள்ளை ஒன்றாவது அவர்களில் இருக்கும்.