நூற்பாலை வழி வந்த ரீல்

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் வைண்டிங் செக்ஷன் பார்த்தவருக்கு ஸ்பின்னிங் ரீலை விளக்க வேண்டியதே இல்லை. பாபின் அசையாமல் நிற்கும். நூல் அதன் தலைப்பக்கமாக உருவிக்கொண்டு மேலே ஓடும். கடல் தூண்டிலில் மாட்டும் ரீலும் இப்படித்தான். எறியும்போது ஸ்பூல் சுழல்வதில்லை; லைன் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று போகிறது. திரும்பச் சுற்றும்போதும் ஸ்பூல் மேலும் கீழுமாக ஏறி இறங்குமே தவிர, தான் சுற்றாது. சுற்றுவது அதைச் சூழ்ந்திருக்கும் ரோட்டர்.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. 1905இல் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் கம்பளி நகரமான பிராட்ஃபோர்டில் ஆலைத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆலை பாபினைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்று தூண்டில்காரர்கள் சொல்வது வழக்கம். அவருக்கு முன்பே, 1884இல், ஸ்காட்லாந்தின் பீட்டர் மல்லாக் செய்த ரீலில் எறிவதற்கு ஒரு பக்கமும் சுற்றுவதற்கு இன்னொரு பக்கமுமாக ஸ்பூலைத் திருப்ப வேண்டியிருந்தது. இல்லிங்வொர்த் அந்தத் தொல்லையை ஒழித்தார்.

அப்புறம் ரீல் ஊர் ஊராகப் போனது. பிரான்சில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன குளூஸ் ஊரிலிருந்து மிட்செல் ரீல் வந்தது. ஜப்பானில் கத்திக்குப் பேர்போன சகாய் நகரில், 1921இல் சைக்கிள் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கிய ஷிமானோ, 1970இல் மீன்பிடிக் கருவிக்குள் நுழைந்தது. கம்பளிக்காரர், கடிகாரக்காரர், இரும்புக்காரர் என்று கை மாறி வந்த பண்டம் இது. சகாயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்மூர் திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறைகள்தாம் நினைவுக்கு வரும். லீவரை அரத்தால் ராவி மயிரிழை சுத்தமாகப் பொருத்துகிற கைகள் இங்கேயும் இருந்தன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பட்டறைகள் பெரும்பாலும் பூட்டைத் தாண்டவில்லை.

ரீல் பிறந்தது நன்னீருக்கு. கடல் அதற்கு எதிரி. அலுமினிய உடம்பில் எஃகுத் திருகு. நடுவில் உப்புநீர் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். அதனால்தான் கடல் ரீலில், மீன் இழுக்கும்போது லைனை அளவாக வெளியே விடும் டிராக்கையும் கியர் பெட்டியையும் ரப்பர் சீல் வைத்து அடைக்கிறார்கள். கடையில் பேரிங் எத்தனை என்று கேட்பதுதான் நம் வழக்கம். அந்த எண்ணிக்கையால் ஒரு பிரயோசனமும் இல்லை. பார்க்க வேண்டிய பேரிங் ஒன்றே ஒன்று: லைன் ரோலருக்குள் இருப்பது. நனைந்த லைன் முழுவதும் அந்தச் சின்ன உருளை மேல்தான் ஏறி வருகிறது. உப்பு முதலில் தின்பதும் அதைத்தான். சுண்டிவிட்டால் சத்தமில்லாமல் சுழல வேண்டும். 'கிர்' என்றால் அரிப்பு தொடங்கிவிட்டது.

பாம்பன், தூத்துக்குடிக் கரையில் பாறை மீனுக்கும் சீலாவுக்கும் எறிய 5000 அளவு போதும். ஒரு கம்பெனியின் 5000 இன்னொன்றின் 5000 ஆகாது. எண்ணை விட்டுவிட்டு, பின்னல் நூலான பிரெய்டு லைன் 200 மீட்டராவது கொள்ளுமா என்று பாருங்கள். வழுவழுப்பான ஸ்பூலில் பிரெய்டு வழுக்கும். அடியில் நாலு சுற்று தங்கூசி ஓட்டினால் பிடித்துக்கொள்ளும். மீன் இழுத்து டிராக் சறுக்கும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது. லைன் உள்ளே வராது, முறுக்குத்தான் ஏறும். முறுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை நூற்பாலைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குளத்தில் விரால் பிடிக்கிற ரீலையே ராமேஸ்வரத்துக்கும் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கடல் ரீலானாலும் உடனே கழுவ வேண்டும்: ராமேஸ்வரம் நமக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஊர் வந்து சேர்வதற்குள் பையிலேயே உப்புக் காய்ந்து உள்ளே இறுகிவிடும். அதனால் பஸ் ஏறுமுன்பே டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மேலாகத் தெளித்து உதறி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். வாளியில் முக்கவே கூடாது, பீய்ச்சி அடிக்கவும் கூடாது. வீட்டுக்கு வந்து மறுபடி கழுவும்போது தோல் பதனிடும் ஷாப்புப் பக்கத்து போர் தண்ணீர் வேண்டாம். பல வருடம் தோலுக்குப் போட்ட உப்பு நிலத்தடி நீரிலேயே கலந்து கிடக்கிறது. ஆத்தூர் அணைக் குழாய்த் தண்ணீர் நல்லது. காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: லைன் ரோலர் பேரிங் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த ரீல் வேண்டாம்.