கடல் கடந்த கல்வியும் பரோடா விடுதியும்

1913-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 22 வயது இளைஞர் ஒருவர் நியூயார்க் நகரம் போய்ச் சேர்ந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மூன்றாண்டுகளுக்கு வழங்கிய உதவித்தொகையே அவருக்கு ஆதாரம். அவரைப் பின்னர் உலகம் டாக்டர் அம்பேத்கர் என அறிந்தது.

அவர் பெற்ற பட்டங்களை வகுப்பறையில் எண்ணிச் சொல்லிவிட்டு நாம் அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். கொலம்பியாவில் அவர் பெற்றது பட்டம் மட்டுமன்று. சிறு வயதில் கோணித் துண்டை வீட்டிலிருந்தே பள்ளிக்குக் கொண்டுசென்று தனியே அமர்ந்தவர் அவர். நீர் வார்க்கும் சேவகன் வாராத நாளில் தாகத்தோடு இருந்தவர். அத்தகையவர் நியூயார்க் மாணவர் விடுதியில் நவல் பதேனா என்னும் பார்சி இளைஞருடன் தங்கி, எல்லோரையும்போல் படித்தார். தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே அயல்நாட்டு வாழ்வில் உள்ளத்தினின்று அழிந்துபோயிற்று என அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

பிறப்போடு ஒட்டியதென்று ஊரார் கூறிய களங்கம் கடலுக்கப்பால் காணப்படவில்லை. அங்ஙனமாயின் அது அவரிடத்தில் இருந்ததுதானா? இக்கேள்வியே 1916 மே மாதம் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் அவர் படித்த கட்டுரைக்கு வித்திட்டது என்பது என் துணிபு. தம் குழுவுக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கமே சாதியின் உயிர்நிலை என்றார். மனு போன்ற ஒருவர் சட்டமியற்றிச் சாதியைப் படைத்திருக்க முடியாது என்றார். ஒரு வகுப்பார் கதவை அடைத்துக்கொண்டனர். பிறர் அதைக் கண்டு தாமும் அடைத்துக்கொண்டனர். தலைவிதி என்று சொல்லப்பட்டதை மனிதர் செய்த பொறியாகக் கண்டு, அதைக் கழற்றிப் பார்த்தபோது அவருக்கு வயது 25.

உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் லண்டன் படிப்பை நடுவே நிறுத்தி, 1917-இல் தாயகம் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணிபுரிய வேண்டும். புகைவண்டி நிலையத்தில் எழுந்த முதற் கவலை, தங்குவதற்கு இடம் எங்கே என்பதுதான். இந்து விடுதிகள் ஏற்கமாட்டா. ஆகவே பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து மாடியில் குடியேறினார். பகலில் அலுவலகம், இரவில் காவலர் கொண்டுவரும் சிறு அரிக்கேன் விளக்கைத் தவிரத் துணையில்லை. பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியோடு வந்து, விடுதி தீட்டுப்பட்டதென்று கூச்சலிட்டு, அன்று மாலைக்குள் வெளியேறிவிட வேண்டும் என்றனர். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடமும் இடம் கேட்டார். இருவரும் தட்டிக் கழித்தனர். பொதுப் பூங்காவில் பொழுதைப் போக்கிவிட்டு, அவ்விரவே பம்பாய்க்கு வண்டியேறினார்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் உடன் தங்கியவரும் பார்சி. பரோடாவில் தடியேந்தி நின்றவர்களும் பார்சிகளே. ஒருவர் நல்லவர், மற்றவர் தீயவர் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. பரோடாவில் அண்டை வீட்டாரின் வழக்கம் பார்சிகளையும் பற்றிக்கொண்டிருந்தது. அந்நியரிடையே மறந்துபோன பெயரைச் சொந்த நாடு ஒரே காலைப்பொழுதில் அவருக்கு நினைவூட்டியது. ஆனால் இம்முறை அதைக் கேட்டவர், அது மனிதர் இட்ட பெயரேயன்றி வேறன்று என அறிந்தவர்.

விட்ட படிப்பைத் தொடர 1920-இல் அவர் மீண்டும் லண்டனுக்குக் கப்பலேறினார். அப்பயணத்திற்குத் திரட்டிய பணத்தில் நவல் பதேனா கொடுத்த கடனும் இருந்தது.