வைப்பும் வெள்ளமும் பாணும்: ஒத்த வடிவச் சொற்கள் குறித்து

கொச்சிக் கோட்டையின் எதிர்க்கரையில் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் வைப்பின் தீவு, 1341-இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொணர்ந்த மணலால் உருவானது என்பது மரபுவழிச் செய்தி. அவ்வாண்டைத் தொடக்கமாகக் கொண்ட ‘புதுவைப்பு’ ஆண்டுக்கணக்கும் அங்கு வழங்கியது. ‘வை’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘வைப்பு’ ஈண்டு நீர் இட்டுச்சென்ற நிலத்தைச் சுட்டுகிறது. இன்றைய தமிழில் அது வங்கியில் இட்ட பணம். மலையாளத்தில் சமையலையும் குறிக்கும். நாமும் குழம்பு ‘வைக்கிறோம்’ ஆதலின், பொருள் விலகினும் வேர் விலகவில்லை என்பது தெளிவு. ‘வெள்ளம்’ என்பதும் இத்தகையதே. தமிழில் பெருக்கெடுத்த நீர். மலையாளத்தில் குடிநீரும் வெள்ளமே. பெருக்கைச் சுட்ட அவர்கள் ‘வெள்ளப்பொக்கம்’ என்கின்றனர்.

ஆங்கிலத்திற்கும் பிரெஞ்சுக்கும் இடையே இவ்வகைச் சொற்கள் மிகுதி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் திரளாகப் புகுந்தமையே இதற்குக் காரணம். ஆங்கில ‘லைப்ரரி’ நூலகம். பிரெஞ்சு ‘லிப்ரேரி’ புத்தகக்கடை. இரண்டிற்கும் மூலம், நூலைக் குறிக்கும் இலத்தீன் ‘லிபெர்’.

ஆயின், வடிவ ஒற்றுமை எப்போதும் உறவைக் காட்டுவதில்லை. வலியைக் குறிக்கும் ஆங்கிலப் ‘பெயின்’, ரொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றுகிறது. முன்னது தண்டனையைக் குறிக்கும் இலத்தீன் ‘பொய்னா’ பிரெஞ்சு வழியாக வந்தது. பின்னது ரொட்டியைக் குறிக்கும் ‘பானிஸ்’. அதே ‘பானிஸ்’ போர்ச்சுகீசியத்தில் திரிந்து, இலங்கைத் தமிழில் ‘பாண்’ ஆயிற்று. சங்க இலக்கியப் ‘பாண்’ பாட்டைக் குறிப்பது. யாழ்ப்பாணத்துக் கடையில் பாண் கேட்பவர் பாணரைத் தேடி வந்தவர் அல்லர்!

‘ஆயா’ இன்னும் சிக்கலானது. செவிலியைக் குறிக்கும் ஆயா போர்ச்சுகீசிய ‘ஐயா’வின் வழி வந்தது; பாட்டியைக் குறிக்கும் ஆயா, தாயைக் குறிக்கும் ‘ஆய்’ என்பதோடு தொடர்புடைய நம் சொல். போர்ச்சுகீசியச் சொல்லின் இலத்தீன் மூலமான ‘அவியா’வுக்கும் பாட்டி என்பதே பொருள். பொருளும் வடிவும் ஒருங்கே ஒத்தும் இவை உறவற்றவை. அகராதியாளர் வடிவத்தை மட்டும் நம்பலாகாது. சொல் வந்த வழியைக் காட்டல் வேண்டும்.

அவ்வழிகளுள் ஒன்று வைப்பினிலேயே இருந்தது. தீவின் வடகோடியில், பள்ளிப்புறத்தில், போர்ச்சுகீசியர் 1503-இல் கோட்டை எழுப்பினர். 1663-இல் கொச்சி டச்சுக்காரர் கைக்குச் சென்றபின்னும், அவர்களது மொழியும் மலையாளமும் உறவாடிப் பிறந்த கிரியோல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இப்பகுதியில் வாழ்ந்தது. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதராக அறியப்பட்ட வில்லியம் ரோசாரியோ 2010 ஆகஸ்டில் மறைந்தார். கொச்சி மலையாளத்தின் ஒரு சொல் போர்ச்சுகீசியத்திலிருந்து நேரே வந்ததா, கிரியோல் வழியாக வந்ததா என்று வினவ இன்று அங்கு ஆளில்லை. அவரோடு பணியாற்றிய மொழியியலார் ஊகோ கார்டோசோ முதலியோரின் பதிவுகளையே நாட வேண்டியுள்ளது.