தழைச்சத்தின் கதை – 6: கணக்கில் வராத சரக்கு

பயிருக்கு வேண்டிய அம்மோனியாவைக் காற்றும் மழையுமே கொடுத்துவிடும், தாது உப்புகளை மட்டும் மண்ணில் இட்டால் போதும் என்று லீபிக் வாதிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். கீசனில் அவரிடமே படித்துப் பட்டம் வாங்கிய கில்பர்ட், பண்ணை முதலாளி லாஸுடன் சேர்ந்து இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் அதைச் சோதித்தார். பிராட்பாக் வயலில் 1843-ல் கோதுமை விதைப்பு தொடங்கியது. தாது மட்டும் கண்ட பாத்தி மெலிந்து கிடக்க, கூடவே அம்மோனியம் உப்பும் கண்ட பாத்தி செழித்து நின்றது.

குரு தோற்றார். சீடர் அதோடு விடவில்லை. இட்டதில் பயிர் எடுத்தது எவ்வளவு?

ஏக்கருக்கு 86 ராத்தல் தழைச்சத்து இட்ட பாத்தியை எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்ததும் மணியையும் வைக்கோலையும் தனித்தனியே நிறுத்தார்கள். அரைத்த மாதிரியைச் சோடாச் சுண்ணாம்போடு சூடாக்கி, கிளம்பிய அம்மோனியாவை அமிலத்தில் பிடித்து அளந்தார்கள். தழைச்சத்து இடாத பாத்தியின் அளவை அதில் கழித்தார்கள். மிஞ்சியது, இட்டதில் பாதிகூட இல்லை.

மீதி எங்கே போனது?

துப்பு வயலுக்கு அடியிலேயே கிடந்தது. பாத்திகளின் கீழே 1849-ல் வடிகாலுக்காகச் சுட்டமண் குழாய்கள் புதைத்திருந்தார்கள். 1860-களில் அவற்றில் வடிந்த நீரைப் பிடித்து, வோல்க்கர் என்ற வேதியியலரிடம் கொடுத்தார்கள். அம்மோனியம் உப்பு கூடக் கூட நீரில் நைட்ரேட்டும் கூடியிருந்தது. அம்மோனியாவோ அநேகமாக இல்லை. மண்ணுக்குள் யாரோ அதை உருமாற்றியிருக்கிறார்கள்! (அந்த நுண்ணுயிர்களை 1877-ல் ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் காட்டிக்கொடுத்த கதைக்குத் தனி அத்தியாயமே வேண்டும்.) இலையுதிர்காலத்தில் இட்ட உரம், இளம்பயிர் வேர் பிடிப்பதற்குள் குளிர்கால மழையோடு போய்க்கொண்டிருந்தது.

இத்தனை பாடுபட்டும் அந்தக் கழித்தலில் ஓர் ஓட்டை இருந்தது. இந்தத் தொடரின் முடிச்சே அதுதான் என்பேன். உரம் கண்ட பயிர் வேரை ஆழமாக விடும். மண்ணில் முன்பே இருந்த தழைச்சத்தையும் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். உரமில்லாப் பாத்தி அதற்கு எப்படி ஈடாகும்? மூட்டையிலிருந்து வந்த அணு எது, மண்ணின் அணு எது? இரண்டும் அச்சு அசல் ஒன்று. 1901-ல் கில்பர்ட் இறக்கும்வரை அவற்றைப் பிரித்தறிய வழி பிறக்கவில்லை.

ஆண்டு 1929. இடம் சிகாகோ. நோடே என்ற தென்னாப்பிரிக்க இயற்பியலர் நைட்ரிக் ஆக்சைடு வாயுவின் நிறமாலையை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். சாதாரண நைட்ரஜனால் விளக்க முடியாத தடயம் ஒன்று அதில் தெரிகிறது. அதே நைட்ரஜன்தான், ஆனால் எடை கூடுதல்!

அதைப் பிடித்து உர மூட்டைக்குள் அடைக்க முடியுமா?

(அடுத்த வாரம்)