ஆஸ்டராய்ட்ஸ் எந்திரத்தை மீட்டெடுத்தல்: பெட்டிக்கு முன் படக்குழாய்

1. வாதம்

வீட்டு விளையாட்டு அறைக்குப் பழைய ஆர்கேட் எந்திரம் தேடுவோர் பெரும்பாலும் பெட்டியின் பளபளப்பைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1979இல் வெளியிட்ட ஆஸ்டராய்ட்ஸைப் பொறுத்தவரை அது தலைகீழான அணுகுமுறை. லைல் ரெயின்ஸ், எட் லாக் இருவரும் உருவாக்கிய, கப்பலிலிருந்து விண்கற்களைச் சுடும் அந்த விளையாட்டின் உயிர் வெக்டர் திரையில் இருக்கிறது.

2. திரையின் இயல்பு

பழைய டிவியில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடித் திரை முழுவதையும் நிரப்பும். வெக்டர் திரையிலோ அது பேனா முனைபோல விண்கல்லின் விளிம்பை மட்டும் புள்ளிக்குப் புள்ளி நேராக இழுத்து வரைகிறது. சாய்கோடுகளில் படிக்கட்டுப் பிசிறு கிடையாது. கப்பல் சுடும் குண்டு வெறும் புள்ளி. கற்றை அங்கே தங்கி நிற்பதால் மற்றக் கோடுகளைவிட அது மிகப் பிரகாசமாகச் சுடர்கிறது. எல்சிடி திரையில் இந்த ஒளிவேறுபாடு அப்படியே கிடைப்பதில்லை. ஆகவே பெட்டிக்குள் எல்சிடியைப் பொருத்தி விற்பதை மீட்டெடுப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஈரத்தில் உப்பிய பலகையை வெட்டி ஒட்டலாம். பக்கவாட்டு ஓவியம் புதிதாக அச்சிட்டே கிடைக்கிறது. ஆனால் அந்த 19 அங்குல வெக்டர் மானிட்டரை ஆலைகள் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

3. வாங்குதல்

‘மானிட்டர் போய்விட்டது’ என்று மலிவாக விற்கப்படும் எந்திரம் நல்ல வாய்ப்பாகவும் அமையலாம். கற்றை ஒரே இடத்தில் நின்றால் திரையின் பாஸ்பர் பூச்சு கருகிவிடும். அதைத் தடுக்கவே ஸ்பாட் கில்லர் என்ற சர்க்யூட் உண்டு. கற்றை நகராதபோது அது திரையை இருட்டாக்கிச் சிறு எல்இடி ஒன்றை எரியவிடும். பழுது மானிட்டரிலும் இருக்கலாம். சிக்னல் அனுப்பாத விளையாட்டு போர்டிலும் இருக்கலாம். எனவே இருண்ட திரையைக் கண்டு விலகாமல், குழாயின் கழுத்து முழுதாக உள்ளதா, அணைத்த திரையில் பழைய எழுத்துகளின் தழும்பு எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்.

4. பழுது நீக்கும் வரிசை

பவர் சப்ளைதான் முதலில். சேகரிப்பாளர்கள் பிக் ப்ளூ என்றழைக்கும் பெரிய நீலக் கெபாசிட்டரை மாற்றி, ஃபியூஸ் ஹோல்டர்களைப் புதுப்பிக்க வேண்டும். போர்டின் விளிம்பு கனெக்டரில் கருகல் இருந்தால் அதையும் சரிசெய்து, 5 வோல்ட் வருகிறதா என்று போர்டிலேயே மீட்டர் வைத்து அளக்க வேண்டும். காசுக்கதவுக்குள் உள்ள டெஸ்ட் சுவிட்சைப் போட்டால், ராம் சிப் கெட்டிருப்பதைப் போர்டே ஒலியால் தெரிவிக்கும். மானிட்டரைக் கடைசியாகத் தொடலாம். அணைத்த பின்னும் குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். அதை முறையாக டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர் மட்டுமே கை வைக்க வேண்டும்.

5. புதிதாகச் சேர்ப்பவை

மின்சாரத்தை நிறுத்தியதும் இந்த எந்திரம் உச்ச மதிப்பெண்களை மறந்துவிடும். அவற்றைச் சேமிக்க, சாக்கெட்டில் செருகும் சிறு போர்டு உண்டு. கழற்றினால் பழைய நிலை திரும்பும் என்பதால் அதை ஏற்கலாம். பெட்டியில் துளையிடக் கோரும் எதையும் ஏற்கக் கூடாது. பாஸ்பர் பூச்சு கருகாமலிருக்கப் பிரகாசத்தைக் குறைத்தே வையுங்கள். ஆட ஆளில்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள்.