பழைய கார்களும் கராஜ் அறிவும்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களைத் தவறாது குறிப்பிடுகின்றனர். அவற்றை விற்று இலாபம் ஈட்டிய நிறுவனங்களின் பெயர்களும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. ஆனால், அவ்வியந்திரங்கள் தமது ஆயுட்காலத்தைக் கடந்த பின்னரும் அவற்றை ஓடச்செய்த மனிதர்களைப் பற்றி ஒரு வரிதானும் காண்பதரிது. யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஆங்காங்கே ஓடும் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இங்கிலாந்திலே பிறந்தவை என்பது உண்மையே. எனினும், அவற்றை அறுபது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு வைத்திருந்த அறிவு இங்கிலாந்திலிருந்து வந்ததன்று. அது எமது கராஜ்களில், எண்ணெய் படிந்த கைகளில் உருவான அறிவு. அந்த அறிவின் வரலாற்றையே நாம் இங்கு சிறிது ஆராய விரும்புகின்றோம்.

இவ்விடயத்தை நாம் நூல்களிலிருந்து கற்கத் தொடங்கவில்லை. எம்மிடமிருந்த பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் ஒன்று தளர்ச்சியடைந்து, ஆனையிறவு வெளியின் எதிர்காற்றுக்கு ஈடுகொடுக்க மாட்டாது திணறியது. அக்சிலேற்றரை அழுத்தினால் எஞ்சின் இரைந்ததேயன்றி வேகம் கூடவில்லை. பிளக்குகள் பழுதென நாமே முடிவுகட்டி, புதிதாக நான்கை வாங்கிப் பூட்டினோம். இரண்டு கிழமை கார் நன்றாக ஓடியது; பின்னர் பழைய நோய் திரும்பிவிட்டது. அதன் பின்னரே, அறுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுசென்றோம். புதிய பிளக்குகள் வாங்கி வந்திருப்பதாக நாம் கூறியபோது அவர் சிரித்தார்.

“மாஸ்ரர், பிளக் மாத்திறது பெரிய வேலையில்லை. அது ஏன் கறுத்தது எண்டு முதல் பாக்கவேணும்” என்றார்.

அவ்வொரு வசனத்தினுள் ஒரு முழு விஞ்ஞான முறையும் அடங்கியிருந்ததைப் பின்னரே நாம் உணர்ந்தோம்.

பிளக் எனப்படுவது யாது? எஞ்சினின் சிலிண்டரினுள்ளே அமுக்கப்பட்ட பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவைக்கு மின்பொறியால் தீயூட்டும் சிறு கருவி அது. 1860 இல் லெனுவார் என்பார் பாரிஸ் நகரில் அமைத்த வாயு எஞ்சினிலேயே மின்பொறி பயன்பட்டது. ஆயினும், வேகமாகச் சுழலும் எஞ்சினுக்கு ஏற்ற உயர் அழுத்த மின்முறையை 1902 இல் ஜெர்மனியில் பொஷ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஹொனோல்ட் என்ற பொறியியலாளர் உருவாக்கிய பின்னரே மோட்டார்க் கார் நம்பத்தகுந்த வாகனமாயிற்று. அதே தொழிற்சாலையில் 1906 இல் எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது; 1913 இல் அங்கேயே பெரும் வேலைநிறுத்தமும் வெடித்தது. சிறு பொறியின் பின்னாலும் உழைப்பின் வரலாறு உண்டு.

பிளக்கின் வேலை இலேசானதன்று. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழலும்போது, ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1500 தடவை, அதாவது வினாடிக்கு 25 தடவை, பொறி தரவேண்டும். பற்றறியின் 12 வோல்ற்றைக் கொயில் பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் உயர்த்துகின்றது. நடுக்கம்பிக்கும் பக்கக் கம்பிக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியை அந்த மின் தாண்டும்போது பொறி பிறக்கின்றது. கேம்பிறிட்ஜ் காருக்கு அந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் 1000 பங்கில் 25 பங்கு. நாட்செல்ல நாட்செல்லக் கம்பி தேய்ந்து இடைவெளி அகலும், பொறி தவறும், கார் தளரும். ஆகவே, பிளக் பழுதாவதால் கார் தளர்வது உண்டு. ஆனால், வேறொரு நோயினால் பிளக் பழுதாவதும் உண்டு. காரணம் எது, விளைவு எது எனப் பிரித்தறிவதே மெக்கானிக்கின் கலை.

அவர் எமது காரை ஆராய்ந்த முறை வருமாறு. முதலில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நான்கு பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினார். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றும்போது எஞ்சின் தடுமாறும். கழற்றியும் மாற்றம் நிகழாவிடின் அந்தச் சிலிண்டர் முன்னரே உழைக்காமல் இருந்தது என்பது பொருள். மூன்றாவது சிலிண்டர் அவ்வாறே இருந்தது. பின்னர் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டார். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணைத் தூரிகையால் துடைத்தார். அவ்வாறு துடையாது கழற்றினால் மண் சிலிண்டரினுள் விழுந்து அதன் சுவரைக் கீறிவிடும். கழற்றிய பிளக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற ஒழுங்கிலே பலகையொன்றில் நிரைப்படுத்தினார். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரினது என்பது தெரியாவிடின் அவை கூறும் சாட்சியம் பயனற்றுப்போகும்.

ஆம், அவை சாட்சிகளே. முனை இளம் மண்ணிறமாகவோ சாம்பல் கலந்த மண்ணிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலமாயுள்ளது. காய்ந்த கறுப்புப் புகைக்கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுந்து காற்றுக் குறைந்துள்ளது, அல்லது பொறி வலுவிழந்துள்ளது. ஈரமான எண்ணெய்க் கறுப்பாயின் தேய்ந்த பிஸ்ரன் றிங்குகளையோ வால்வு வழிகளையோ கடந்து எண்ணெய் ஏறுகின்றது. வெளிறி வெந்து கொப்புளித்திருந்தால் சூடு மிகுந்துள்ளது. கலவையில் காற்று அதிகமாகவோ பொறி முந்தியோ இருக்கலாம். எமது காரின் நான்கு பிளக்குகளிலும் காய்ந்த கரி படிந்திருந்தது. மூன்றாவதில் மட்டும் அதன் மேல் எண்ணெய் ஈரமும் காணப்பட்டது.

ஆகவே, நோய்கள் இரண்டு. காபரேற்றரைத் திறந்து பார்த்தபோது முதலாவது நோய் வெளிப்பட்டது. காலையில் எஞ்சினை இயக்குவதற்காக இழுக்கும் சோக் கம்பி துருப்பிடித்து, முழுமையாகத் திரும்பாமல் நின்றது. எந்நேரமும் காற்று மறிக்கப்பட்டு, வேண்டியதற்கு மேலாகப் பெற்றோல் சென்றுகொண்டிருந்தது. இரண்டாவது நோயை அறிய, பிளக்குகள் கழற்றப்பட்ட நிலையில் மூன்றாவது சிலிண்டரின் துவாரத்தைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, உதவியாளனைக் கைபிடியால் எஞ்சினைச் சுழற்றச் செய்தார். அமுக்கம் தளர்ந்திருந்தது. ஒரு கரண்டி எண்ணெய் வார்த்துச் சுழற்றியபோது அமுக்கம் உயர்ந்தது. அதனால் கசிவு வால்விலன்று, றிங்கிலேயே என்பது தெளிவாயிற்று. வால்விலாயின் எண்ணெய் வார்த்தும் பயனிராது.

நாம் வாங்கிய புதிய பிளக்குகள் இவ்விரு நோய்களையும் இரண்டு கிழமை மறைத்து வைத்திருந்தனவேயன்றித் தீர்க்கவில்லை. சோக் கம்பியைச் சீராக்கிய பின்னரே அவர் புதிய பிளக்குகளை எடுத்தார். தகட்டு அளவியால் இடைவெளியைச் சரிபார்த்தார். முதலில் கைவிரலாலேயே திருகி, இருக்கையில் அமர்ந்த பின் திறப்பால் கால் சுற்று மட்டும் இறுக்கினார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற பொறியொழுங்கின்படி வயர்களைப் பூட்டினார். மூன்றாவது சிலிண்டருக்கு றிங் மாற்றும் வரை அந்தப் பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்குமாறு கூறினார். ஆனையிறவுக் காற்றை எமது கார் மீண்டும் எதிர்த்து ஓடிற்று.

இந்த மனிதர் எங்கே கற்றார்? 1974 இல், பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் நின்று கராஜுக்கு வந்தவர் அவர். அவர் கற்ற காலத்தை நாம் வரலாற்றில் வைத்து நோக்குதல் வேண்டும்.

ஒஸ்ரினும் மொறிஸும் 1952 இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. போருக்குப் பின் அந்நியச் செலாவணிக்காகப் பிரித்தானியா கார்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்த காலம் அது. இலங்கையின் மத்தியதர வர்க்கம் அவற்றை விரும்பி வாங்கியது. ஆனால், தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றை விற்று இயந்திரம் வாங்கும் பொருளாதாரம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வரும் வரை இருந்த கார்களையே ஓட்டவேண்டியிருந்தது. தேய்ந்ததை எறிந்து புதியதைப் பூட்டும் பழக்கம் அங்கு இயலாது. பிளக்கைச் சுரண்டி, கம்பியை அராவி, இடைவெளியை மீண்டும் அமைத்துப் பூட்டுவதே வழக்கமாயிற்று. எறிய முடியாதவன் ஆராயக் கற்றான்.

இதனினும் கொடிய பரீட்சை 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வந்தது. பெற்றோல், பற்றறி, மோட்டார் உதிரிப்பாகங்கள் முதலியன வடக்குக்குச் செல்வது தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எனவே, சிறு போத்தலில் பொன்போலப் பேணிய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பெற்றோலில் தொடங்கிப் பின்னர் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும் ஃபேர்கூசன் உழவு இயந்திரங்கள் 1949 முதல் இங்கிலாந்தில் செய்யப்பட்டுவந்தன. அங்கே பொறியியலாளர் அதற்கெனவே அமுக்கத்தைக் குறைத்து எஞ்சினை வடிவமைத்தனர். எமது மெக்கானிக்குகளோ, பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினை, வரைபடமுமின்றி உதிரிப்பாகமுமின்றி, பொறியின் நேரத்தைப் பிற்படுத்தி அதே வேலைக்குப் பழக்கினர்.

இதனைப் புகழ்ந்து பாடி முடித்துவிடுதல் தகாது. மண்ணெண்ணெய் ஓட்டத்தில் பிளக்குகள் விரைவிலேயே கரிபிடித்தன. எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவர்களைக் கழுவி அடியெண்ணெயுடன் கலந்து றிங்குகளைத் தேய்த்தது. வீதியெங்கும் புகை சூழ்ந்தது. நோயாளியை ஏற்றிய வாடகைக் கார் நடுவழியில் நின்றால், பிளக்கைக் கழற்றித் துடைக்கும் அந்தச் சில நிமிடங்கள் ஓர் உயிரின் விலையாகவும் இருக்கக்கூடும். வறுமையும் தடையும் அறிவை வளர்த்தன என்பதற்காக வறுமையையும் தடையையும் நாம் வாழ்த்த முடியாது. அறிவை வளர்த்தவர்கள் மனிதர்களே, தடையன்று.

அம்மனிதர்கள் செலுத்திய விலை இன்னொன்றும் உண்டு. எஞ்சின் இடிப்பதைத் தடுக்கப் பெற்றோலில் ஈயச் சேர்மானம் கலக்கும் முறை 1921 இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. 1924 இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் அதனைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். ஆயினும் விற்பனை கைவிடப்படவில்லை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இலேயே ஒழிந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021 இல் ஒழிந்தது. அந்த ஈயத்தின் ஒரு பகுதி பிளக்கின் முனையிலே படிவாயிற்று. அதனைக் கடதாசியால் உரோஞ்சியும் கம்பித் தூரிகையால் சுரண்டியும் வாயால் ஊதியும் சுத்தம் செய்தவர்கள் கராஜ் பையன்களே. அத்தூள் நஞ்சென அவர்களுக்கு எவரும் கூறவில்லை. கராஜில் கற்றது அறிவு என்பது உண்மை. பள்ளிக்கூடத்தில் கற்றிருக்க வேண்டிய இரசாயனம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது என்பதும் அதேயளவு உண்மை.

2020 மார்ச்சில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் மக்கள் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தனியார் கார்களின் இறக்குமதி 2025 இலேயே மீண்டும் தொடங்கியது. பழைய கார்களின் விலை ஏறியது. அவற்றை அறிந்த கைகளோ குறைந்துவருகின்றன. கொம்பியூற்றரில் குறியீடு வாசித்துப் பகுதியை மாற்றும் இளைஞன் ஒரு பிளக்கின் நிறத்தைப் பார்த்து நோயை உரைக்கப் பழகுவது அரிது. அது அவனுடைய குற்றமன்று. அவனது ஆசானின் அறிவை நாம் எழுதிவைக்கவில்லை.

ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுவே. உங்கள் ஊரில் ஒரு பழைய கராஜ் இருக்கும். அங்கு ஒரு குறிப்புப் புத்தகத்துடன் செல்லுங்கள். தடைக்காலத்தில் பொறியின் நேரத்தை எவ்வளவு பிற்படுத்தினார்கள், எந்தப் பகுதிக்கு எதனை மாற்றீடாகச் செய்தார்கள் என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். கழித்த நான்கு பிளக்குகளைக் கையுறையணிந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்து, நிறத்திலிருந்து காரணத்தை அறியும் பாடத்தை நடத்துங்கள். அந்தப் பாடத்துக்கு அம்மெக்கானிக்கையே ஆசிரியராக அழையுங்கள்.

நாம் விடைபெற்றபோது அவர் எமது பழைய பிளக்குகளைக் கடதாசியில் சுற்றித் தந்தார். “எறியாதேங்கோ மாஸ்ரர், பெடியளுக்குக் காட்டுங்கோ” என்றார். அவை இப்பொழுது எமது வகுப்பறை மேசையில், அவர் வைத்த அதே ஒழுங்கிலே இருக்கின்றன.